ஈசல் ராஜாவும் எறும்பு மாப்பிள்ளையும்

போன ஐப்பசில ஒரு நாள் ராத்திரி பால்கனி டியூப்லைட்ட அணைக்க மறந்து தூங்கிட்டோம். விடிஞ்சு கதவத் திறந்தா தரை முழுக்க ஈசல் றெக்கை. இத பெருக்கினவங்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல், துடைப்பத்தால தள்ளினா பறக்கும், ஈரத்துல ஒட்டிக்கிட்டா நகரவே நகராது, முறத்துல அள்ளி வெச்சிட்டு இப்படித் திரும்பினா பாதி மறுபடி தரையில இருக்கும். ரெண்டு முறம் அள்ளியிருப்பேன், அப்பதான் மண்டையில ஒண்ணு தட்டுச்சு. இவ்ளோ றெக்கை கெடக்கே, பொணம் எங்க?

பல்லி கொஞ்சம் தின்னிருக்கும், எறும்பு கொஞ்சம் இழுத்துட்டுப் போயிருக்கும், அதெல்லாம் சரி. ஆனா கெடந்த றெக்கைக்கும் அங்க கெடந்த நாலஞ்சு செத்த ஈசலுக்கும் கணக்கு ஒத்தே வரல. 43 வருஷமா றெக்கைய பாத்து "பாவம் செத்துப்போச்சு"ன்னு நெனச்சிட்டு இருந்தவன் நான். உண்மை என்னன்னா றெக்கை கெடந்தா அது செத்துச்சுன்னு அர்த்தமே இல்ல. ஈசல் தானாவே கழட்டிப் போடுது. றெக்கையோட அடியில, தபால்தலைத் தாள்ல கிழிக்கறதுக்கு வரிசையா ஓட்டை போட்டிருப்பாங்கல்ல, அந்த மாதிரி உடையறதுக்குன்னே ஒரு கோடு இருக்கு, தரையில எறங்கினதும் உடம்ப ஒரு நெளி நெளிச்சா பட்டுனு கழண்டுரும். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த கோட்டு மாதிரின்னு வெச்சுக்கங்க, திருப்பித் தர வேண்டியதில்ல, அவ்ளோதான் வித்தியாசம்.

எங்க ஊரு செஞ்சி பக்கம். அங்க ஈசல்னா ஒரு திருவிழா. மொத மழை விட்ட சாயங்காலம் ஆயா புத்துகிட்ட ஒரு குழி வெட்டி, விளக்க வெச்சு, கிட்டயே அகலமான அண்டாவுல தண்ணி ஊத்தி வெக்கும். வெளிச்சத்துக்கு வந்து தண்ணில விழும். காலைல காய வெச்சு, றெக்கைய பொடைச்சுத் தள்ளிட்டு, அரிசியோட சேத்து வறுத்து ஒரு கைப்புடி குடுக்கும் பாருங்க, அந்த வாசனை இன்னிக்கும் எனக்கு மூக்குல நிக்குது (அப்ப எனக்கு கொஞ்சம் அருவருப்புதான், பொய் சொல்லல, ஆனா வேணாம்னு சொன்னதில்ல). ஈசல மோர்ல போட்டு புளிக்கவெச்சு சமைச்சதுக்கு சங்கப் பாட்டுலயே சாட்சி இருக்கு, அதனால ஆயாவோட ரெசிபி ஒண்ணும் நேத்திக்கு வந்தது இல்ல.

அதே ஆயாதான் ஒவ்வொரு சாவு வீட்லயும் சொல்லும், "ஈசல் பொழப்புடா கண்ணு, காலைல மொளைக்குது சாயங்காலம் போவுது". ஆயா மட்டுமா, நாம எல்லாருமே அற்பாயுசுன்னா ஈசலதான உதாரணம் காட்டுறோம். நான் பொணத்த தேடப் போயி ரெண்டு மூணு மாசம் இதையே படிச்சிட்டு இருந்ததுல தெரிஞ்ச விஷயம், பூச்சிங்கள்லயே நீண்ட ஆயுசு உள்ள கூட்டத்துல ஈசலும் ஒண்ணு. தப்பிப் பொழச்ச ஈசலச் சொல்றேன். அதவிட சுவாரஸ்யம், அதுல ஆணும் சேத்தி.

ஏன் ஆணும் சேத்தின்னு அழுத்திச் சொல்றேன்னா பூச்சி உலகத்துல ஆம்பளை பொழப்பு பொதுவா பரிதாபமானது. எறும்பையே எடுத்துக்கங்க. அதே மழை, அதே சாயங்காலம், எறும்புக் கூட்டத்துலேர்ந்தும் றெக்கை வெச்சது கெளம்பும், நாம ரெண்டையும் ஒண்ணாப் பாத்துட்டு எல்லாம் ஈசல்னு விட்டுருவோம். ஆனா குடும்பமே வேற, எறும்பு குளவிக்கு சொந்தம், ஈசல் (அதாவது றெக்கை மொளைச்ச கறையான்) கரப்பான்பூச்சிக்கு சொந்தம். எறும்புல ஆணும் பொண்ணும் பெரும்பாலும் பறக்கும்போதே சேருது, சேந்த கையோட மாப்பிள்ளை கதை முடிஞ்சுது, ஒரு நாள்ல ரெண்டு நாள்ல செத்துரும். சேராதவனும் செத்துருவான், அது வேற கொடுமை. பொண்ணு கீழ எறங்கி, றெக்கைய கழட்டிட்டு, தனியா மண்ணுல குழி தோண்டி உக்காந்துக்கும். அந்த ஒரு நாள்ல வாங்கின விந்தணுவ வயித்துல ஒரு சின்ன பையில பத்திரப்படுத்தி வெச்சு, சாகுற வரைக்கும் அதுலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா எடுத்து முட்டை போடும். சாகுற வரைக்கும்னா எவ்ளோ? ஐரோப்பாவுல தோட்டத்துல எல்லாம் இருக்கற கறுப்பு எறும்பு ஒண்ணு, லேசியஸ் நைகர்னு பேரு, அதோட ராணி ஒண்ணு ஆய்வுக்கூடத்துல 28 வருஷமும் சில மாசமும் உயிரோட இருந்திருக்கு. அதுக்குப் புருஷன் செத்து 28 வருஷம்! அவனோட புள்ளைங்க மட்டும் பொறந்துகிட்டே இருந்திருக்கு.

ஆண் எறும்புக்கு அப்பன் கெடையாது, இது இன்னொரு கூத்து. ராணி விந்தணு சேக்காம போடற முட்டைதான் ஆணாப் பொறக்கும், சேத்துப் போட்டா பொண்ணு. அதனால அவனுக்கு அம்மா உண்டு, அம்மாவப் பெத்த தாத்தா உண்டு, அப்பா மட்டும் இல்ல. வேலைக்கார எறும்பு மொத்தமும் பொண்ணுங்கதான்.

தேனீயும் இதே கணக்குதான். மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வெச்சிருக்க நண்பர் ஒருத்தர் சொல்லுவார், பூ இல்லாத காலம் வந்தா பெட்டி வாசல்ல போயி பாருங்க, வேலைக்காரிங்க ஆண் தேனீய காலப் புடிச்சு இழுத்து வெளிய தள்றத பாக்கலாம்னு. அவனால தானாப் போயி பூவுல தேன் எடுத்துக்க முடியாது, வெளிய தள்ளினா பட்டினிதான். ராணியோட சேர்ற பாக்கியம் கெடைச்சவனுக்கும் பெருசா ஒண்ணும் கெடைக்கல, சேர்ற நொடியிலயே அவனோட உறுப்பு பிஞ்சு, அங்கயே விழுந்து செத்துருவான். சேராம தப்பிச்சவன் மிஞ்சிப்போனா ரெண்டு மாசம். ராணி வருஷக்கணக்குல இருக்கும். ஆனா ஆம்பளைக்கு மட்டும்தான் அநியாயம்னு நெனச்சிராதீங்க, வேலைக்காரியும் பொண்ணுதான், ராணி வந்த அதே மாதிரி முட்டையிலேர்ந்துதான் வந்தவ, புழுவா இருக்கறப்ப ஊட்டின சாப்பாடுதான் வேற, அவளுக்கு வேலை மும்முரமான சீசன்ல ஆறு வாரம்தான் ஆயுசு. அப்ப இது ஆம்பளை பொம்பளை கதையா இல்ல வேலையோட கதையான்னு எனக்கு மொத சந்தேகம் வந்தது இங்கதான்.

இப்ப கறையானுக்கு வர்றேன். ஈசல் ஜோடி தரையில எறங்கி றெக்கைய கழட்டினதும் பொண்ணு முன்னாடி நடக்கும், ஆண் பின்னாலயே, கிட்டத்தட்ட அவ முதுக தொட்டுக்கிட்டே போவான். அடுத்த மழைல பால்கனி லைட்ட வேணும்னே போட்டு வெச்சுப் பாருங்க, றெக்கை இல்லாத ஈசல் ரெண்டு ரெண்டா ரயில் பெட்டி மாதிரி ஓடும். சின்ன வயசுல எத்தன தடவ பாத்திருக்கேன், எதுக்கு இப்படி ஓடுதுன்னு ஒரு தடவகூட கேட்டதில்ல. அது வீடு பாக்கப் போற ஜோடி. நல்ல மண் கெடைச்சா ரெண்டும் சேந்து தோண்டி உள்ள போயி வாசல அடைச்சிரும். பறக்கும்போது சேர்றது கெடையாது, உள்ள போனதுக்கு அப்பறம்தான் எல்லாம். மொத குஞ்சுங்கள வளக்கறதுல அப்பனுக்கும் பங்கு உண்டு. அப்பறம் வேலைக்காரங்க பொறந்து வளந்து (இங்க வேலைக்காரங்கள்ல ஆணும் உண்டு பொண்ணும் உண்டு) பொறுப்ப எடுத்துக்குவாங்க. ராணி வயிறு விரல் கணக்குல பெருசாகி நகர முடியாம படுத்துக்கும், ராஜா பக்கத்துலயே இருப்பான். வருஷக்கணக்குல இருப்பான். ஆப்பிரிக்காவுல பெரிய பெரிய புத்து கட்டற மேக்ரோடெர்மிஸ் கறையான்ல ராஜா ராணி ரெண்டு பேருமே 20 வருஷம் வரைக்கும் வாழறாங்க. அவங்க பெத்த வேலைக்காரங்களுக்கு சில மாசம்தான்.

ஏன் எறும்பு மாப்பிள்ளைக்கு ஒரு நாள், ஈசல் மாப்பிள்ளைக்கு 20 வருஷம்? நான் ரொம்ப பெரிய தத்துவம் ஏதாச்சும் இருக்கும்னு எதிர்பாத்தேன். விஷயம் சப்புனு இருக்கு. எறும்பு ராணி ஒரே தடவைல ஆயுசுக்கும் ஸ்டாக் எடுத்து வெச்சிக்குது, கறையான் ராணி அப்படி வெச்சிக்கறதில்ல, திரும்பத் திரும்ப சேர வேண்டியிருக்கு. அதனால அவன் தேவைப்படறான். தேவைப்படறவன் சீக்கிரம் சாகாம இருந்தாதான் அந்தப் புத்துலேர்ந்து அடுத்த வருஷம் ஈசல் பறக்கும், அந்த மாதிரி ராஜாவோட வாரிசுதான் தங்கும். ஆண் எறும்பு செத்தப்பறமும் அவன் வாரிசு வந்துகிட்டே இருக்கும், அதனால அவன் உடம்ப ரிப்பேர் பண்ணி வெக்கறதுக்கு இயற்கைக்கு எந்த அவசரமும் இல்ல.

இதுக்கு நேர் எதிரான கதை ஜப்பான்ல இருக்கு. அங்க வீட்டு மரத்தையெல்லாம் அரிக்கற ஒரு வகை கறையான கென்ஜி மட்சுராங்கற ஆய்வாளரும் கூட்டாளிகளும் தோண்டித் தோண்டிப் பாத்து 2009ல எழுதினாங்க. முக்காவாசி கூட்டத்துல மொத ராஜா உயிரோட இருக்கான், மொத ராணி இல்ல. அவ போறதுக்கு முன்னாடியே ஆண் துணையே இல்லாம தன்ன மாதிரியே சில பொண்ணுங்கள உருவாக்கி வெச்சிட்டுப் போயிடுறா, அதுங்க டஜன் கணக்குல ராணியா உக்காந்துக்குது, கெழ ராஜா அதுங்களோட குடும்பத்த தொடர்றான். அதாவது பொண்ணு போயி ஆண் மிஞ்சின வீடு. பூச்சின்னாலே ஆண்தான் மொதல்ல சாகும்னு அடிச்சுச் சொல்றவங்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

வேணும்னா இன்னொண்ணு. அமெரிக்காவுல மணல் ஆத்துல இருக்கற ஒரு மேஃப்ளை, டோலேனியா அமெரிக்கானான்னு பேரு, அதுல பெண் பூச்சி றெக்கை முளைச்சு வெளிய வந்து அஞ்சு நிமிஷத்துக்குள்ள சேந்து, முட்டை போட்டு, செத்துப்போயிடும். ஆணுக்கு அதவிட கொஞ்சம் ஜாஸ்தி, அரை மணி நேரம் மாதிரி. ஆனா இங்க ஒரு திருட்டுக் கணக்கு இருக்கு, அஞ்சு நிமிஷம்கறது றெக்கை வந்தப்பறம் உள்ள ஆயுசு மட்டும். அதுக்கு முன்னாடி அது ஆத்து மணலுக்குள்ள புழுவா நெறைய நாள் வாழ்ந்திருக்கு. நாம என்னமோ றெக்கை வந்தாதான் வாழ்க்கைன்னு எண்ண ஆரம்பிக்கறோம். ஈசலுக்கும் அதேதான், பறக்கறதுக்கு முன்னாடி புத்துக்குள்ள இருந்த காலத்த யாரு எண்ணினா. ஆண் சீக்கிரம் போற கதைக்கு நம்ம ஊர்லயே ஒண்ணு இருக்கு, 2008ல கோயம்புத்தூர் பக்கம் ஆரம்பிச்சு பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு எல்லாத்தையும் வெள்ளையா மூடி விவசாயிங்கள அழவெச்ச மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கா? நாம பாத்து திட்டின அந்த வெள்ளை மாவு பூராம் பொண்ணுங்க. ஆண் றெக்கையோட கொசு மாதிரி சின்னதா வரும், அதுக்கு சாப்பிட உருப்படியா ஒரு வாயே கெடையாது, ரெண்டு மூணு நாள்ல காலி. அத எந்த விவசாயியும் பாத்திருக்க மாட்டாரு.

சரி, அப்ப உடம்புக்குள்ள ஒண்ணுமே இல்லையா, எல்லாம் வேலைக் கணக்குதானான்னு கேட்டா, இருக்கு. குரோமோசோம் ஒரு காரணம்னு சொல்றாங்க. ஆணுக்கு எக்ஸ் ஒண்ணுதான், அதுல கோளாறு இருந்தா மாத்து கெடையாது, பொண்ணுக்கு ரெண்டு இருக்கறதால ஸ்டெப்னி மாதிரி. பட்டாம்பூச்சில இது தலைகீழ், அங்க பொண்ணுக்குதான் ஒத்தை. ஆஸ்திரேலியாவுல 2020ல ஒரு குழு 229 உயிரினத்தோட ஆயுசு கணக்க எடுத்துப் போட்டுப் பாத்ததுல இந்த குரோமோசோம் ஒரே மாதிரி ஜோடியா இருக்கற பாலினம் சராசரியா 17.6 சதவீதம் அதிகமா வாழுதாம். நல்ல தியரிதான், நானும் கொஞ்ச நாள் இதத்தான் எல்லார்கிட்டயும் அளந்துட்டு இருந்தேன். ஆனா எறும்புக்கு இத பொருத்திப் பாத்தா இடிக்குது. ஆண் எறும்புக்கு எக்ஸ் மட்டும் இல்ல, எல்லாமே ஒத்தை செட்டுதான், அதனாலதான் சீக்கிரம் சாகறான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா கார்டியோகொண்டைலான்னு ஒரு குட்டி எறும்பு இனத்துல றெக்கையே இல்லாத ஆண் உண்டு, அவன் எங்கயும் பறந்து போறதில்ல, கூட்டுக்குள்ளயே இருந்துகிட்டு போட்டிக்கு வர்ற மத்த ஆண கடிச்சுக் கொன்னுட்டு, புதுசா வர்ற ராணிங்களோட ஒவ்வொண்ணா சேருவான். மத்த எறும்புல ஆணுக்கு விந்தணு உற்பத்தி பெருசாகி வர்றதுக்குள்ளயே முடிஞ்சிரும், இவனுக்கு மட்டும் சாகற வரைக்கும் ஓடிட்டே இருக்கும். ஆயுசும் மத்த ஆண் எறும்பவிட ரொம்ப நீளம். அதே ஒத்தை குரோமோசோம்தான் இவனுக்கும்!

இன்னொரு காரணத்துக்கு "தாய் சாபம்"னே பேரு வெச்சிருக்காங்க, கேட்ட உடனே புடிச்சுப்போச்சு. செல்லுக்குள்ள மின்சாரம் தர்ற ஜெனரேட்டர் மாதிரி இருக்கே மைட்டோகாண்ட்ரியா, அது அம்மா வழியாத்தான் வரும். அதுல ஒரு கோளாறு பொண்ணுக்கு கெடுதல் பண்ணா அந்த வம்சமே அத்துப்போயி கோளாறும் சேந்து ஒழியும். ஆணுக்கு மட்டும் கெடுதல் பண்ணா? ஆண்தான் மைட்டோகாண்ட்ரியாவ அடுத்தவங்களுக்கு குடுக்கறதே இல்லையே, அதனால யாரும் தட்டிக்கேக்க ஆள் இல்லாம அந்தக் கோளாறு தலைமுறை தலைமுறையா சேந்துகிட்டே போகும். பழ ஈய வெச்சு 2012ல பாத்தாங்க, வேற வேற ஊரு ஈயோட மைட்டோகாண்ட்ரியாவ மாத்தி மாத்திப் போட்டா ஆண் ஈயோட ஆயுசுதான் ஏறி எறங்குது, பொண்ணு பாட்டுக்கு அதே மாதிரி இருக்கு.

அதே பழ ஈல 1981லயே பார்ட்ரிட்ஜும் ஃபார்குவாரும் ஒரு பரிசோதனை பண்ணாங்க, தினமும் எட்டு புதுப் பொண்ணு குடுத்த ஆண், ஒண்ணு குடுத்தவனவிட சீக்கிரம் செத்தான். இத நண்பர்கள் குரூப்ல போட்டு நான் பட்ட பாடு தனிக் கதை. பொண்ணுக்கும் விலை இருக்கு, ஆணோட விந்து திரவத்துல இருக்கற சில புரதம் பெண் ஈய நெறைய முட்டை போட வெக்குது, அதோட அவ ஆயுசையும் குறைக்குதுன்னு 1995ல வந்துச்சு. ஆனா ராணி எறும்புல பாருங்க, மேல சொன்ன கார்டியோகொண்டைலாவுலயே, சேந்த ராணி சேராத ராணியவிட அதிக நாள் வாழுது. ஈல விஷம், எறும்புல மருந்து.

இதெல்லாம் படிக்க நல்லா இருக்கு, நமக்கென்னன்னு கேட்டீங்கன்னா, கொசு. ஆண் கொசு கடிக்காது, பூந்தேன் குடிச்சிட்டு ஒரு வாரம் பத்து நாள் இருந்துட்டுப் போயிரும். பெண் கொசு மூணு வாரம் நாலு வாரம்னு இழுக்கும், ஏன்னா ரத்தம் குடிக்கணும், முட்டை போடணும், மறுபடி குடிக்கணும், மறுபடி போடணும். இந்த நீளமான ஆயுசுதான் நமக்கு எமன். டெங்கு இருக்கற ஒருத்தர கடிச்ச உடனே அந்த கொசு அடுத்தவருக்கு குடுத்துராது. வைரஸ் அதோட குடல்லேர்ந்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேர 8லேர்ந்து 12 நாள் ஆகும், மலேரியாவுக்கும் ஏறக்குறைய அதே மாதிரி. அதுக்குள்ள கொசு செத்துட்டா நோயும் அதோட செத்துச்சு. அப்ப ஊர்ல இருக்கற கொசு எல்லாம் ஆபத்து இல்ல, கெழவிங்க மட்டும்தான் ஆபத்து.

ஜார்ஜ் மெக்டொனால்டுன்னு ஒரு மலேரியா டாக்டர் 1950கள்ல இத கணக்காவே போட்டுக் காட்டினாரு. நாமளே போட்டுப் பாக்கலாம். 100 கொசுல தினமும் 10 சதவீதம் செத்தா பத்து நாள் கழிச்சு 35 மிச்சம். தினமும் 20 சதவீதம் செத்தா 11தான் மிச்சம். கொசு எண்ணிக்கைய பாதியாக்க மாடா உழைக்கறதுக்குப் பதிலா ஆயுச கொஞ்சம் வெட்டினா போதும், பெருசா அடிக்கும். வீட்டு சுவத்துல மருந்து அடிச்சது அந்தக் கணக்குலதான், ரத்தம் குடிச்சிட்டு சுவத்துல வந்து உக்காரற பொம்பளைய தேடி. 2009ல ஆஸ்திரேலியாவுல ஸ்காட் ஓ'நீல் குழு இன்னும் ஒரு படி மேல போயி வோல்பாக்கியாங்கற பாக்டீரியாவ டெங்கு கொசுக்குள்ள ஏத்தி அதோட ஆயுச ஏறக்குறைய பாதியாக்கிக் காட்டினாங்க. பிரமாதமான ஐடியா, ஆனா ஆயுசு கொறஞ்ச கொசு வெளிய விட்டப்ப தாக்குப் புடிக்கல. ஆயுச அவ்ளோ வெட்டாம வைரஸ வளர விடாத இன்னொரு வகை வோல்பாக்கியாவ எடுத்து 2011ல ஆஸ்திரேலியாவுல கெய்ன்ஸ் ஊர் பக்கம் விட்டாங்க, அது நின்னுச்சு. நம்ம பாண்டிச்சேரில இருக்கற கொசு ஆராய்ச்சி மையமும் இதே பாக்டீரியா உள்ள கொசு வகை ரெண்ட உருவாக்கியிருக்கறதா 2022ல அறிவிச்சாங்க.

மறுபடி கறையானுக்கே வந்துடறேன், ஏன்னா எனக்கு அந்த ராஜாவ விட மனசு வரல. ஜெர்மனில ஜூடித் கோர்ப் குழு 2018ல அந்த ஆப்பிரிக்க கறையானோட உடம்புக்குள்ள பாத்தாங்க. நம்ம எல்லாரோட மரபணுவுலயும் தன்னையே காப்பி எடுத்து அங்கங்க ஒட்டிக்கிற ரவுடித் துண்டுங்க உண்டு. வயசான வேலைக்காரக் கறையானோட தலைக்குள்ள இந்த ரவுடிங்க ஆட்டம் போடுது, அத அடக்கற போலீஸ் வேலை தளந்துபோச்சு. வயசான ராஜா ராணில போலீஸ் இன்னும் டூட்டில இருக்கு. அந்த ராஜா ராணி பெத்த புள்ளைங்கதான் வேலைக்காரங்க, அவங்ககிட்டேர்ந்து வந்த மரபணுதான், ஆனா ஒருத்தனுக்கு மராமத்து நடக்குது, இன்னொருத்தனுக்கு நடக்கல.

தை மாசம் எங்க ஃபிளாட்ல கதவு நிலைல மண் கோடு ஏறினது பாத்து பூச்சிமருந்து அடிக்கறவர கூப்புட்டோம். நல்ல மனுஷன், டிரில்ல போட்டு ஓட்டை போட்டுகிட்டே எனக்கு கிளாஸ் எடுத்தாரு.

"மெயினா ராணிதான் சார். மருந்து ராணிகிட்ட போயி சேந்துட்டா மொத்தமும் க்ளோஸ்."

"ராஜாவுக்கு?"

டிரில்ல நிறுத்திட்டு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. "ராஜாவா? கறையான்ல ஏது சார் ராஜா? பதினஞ்சு வருஷமா இந்த தொழில்ல இருக்கேன்."

உள்ள காபி போட்டுட்டு இருந்தவ குரல் வந்துச்சு, "அண்ணே, அவர் ஆரம்பிச்சாருன்னா விடமாட்டாரு, நீங்க ஓட்டைய போடுங்க."